எழுதத் தெரியாத பன்னிரண்டு பேர்

மேல் லயம்,
அம்பிட்டிய, கண்டி.
05.07.1998

அன்பு மகள் இராஜகுமாரிக்கு அப்பா எழுதுவது. முத்துமாரி காவலில் இங்கே நான் சுகம். லண்டனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்தான் எழுதுகிறேன். இதுவரை எழுதிக் கொடுத்த, தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயாவின் எழுத்து கோட்டின் மேல் நேராக உட்காரும். இது ஏறியும் இறங்கியும் போகிறது. அதைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய். வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு. இந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

நீ போன வருடம் செப்டம்பரில் விமானம் ஏறினாய். அடுத்த மாதமே நான் செசிலியா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் யாழ்ப்பாணத்து அம்மா. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரில் வீடு உடைந்துவிட்டதால் இங்கேயே வாடகைக்கு இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்த பிறகு, மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் பெரிய ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். முதல் நாள் நான் வாசலிலேயே நின்றுகொண்டு, எனக்கு அறுபத்தாறு வயதாகிறது, இனி மண்டையில் ஏறுமா என்று கேட்டேன். "ஏறுமோ ஏறாதோ எண்டு உங்கட மகளிட்டத்தான் கேக்கவேணும் ஐயா, அவதானே மூளையைப் படிக்கிறா. நீங்கள் முதல்ல உள்ள வந்து இருங்கோ" என்றார். உள்ளே போய் மர வாங்கில் உட்கார்ந்தேன். கடைக்கு நீ போன் எடுத்தபோதெல்லாம் இதைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். கடிதமாகவே தெரியட்டும் என்று நினைத்தேன்.

பிழை இருந்தால் டீச்சர் சிவப்புப் பென்சிலால் காட்டுவார், நான் திரும்ப எழுதுவேன். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்காகக் கடுகண்ணாவைக்கு ரயிலில் போனேன். ஸ்டேஷனில் இறங்கியதும் பெயர்ப் பலகையை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். சின்ன வயதிலிருந்து அந்த வழியாகப் போய் வருகிறேன். பலகை அங்கே நிற்பது தெரியும், ஆனால் அது ஊர்ப் பெயர்தான் என்று அதுவரை அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். துக்க வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன் என்று உன் அத்தை கோபித்துக்கொண்டாள்.

நீ மே மாதம் எழுதிய கடிதத்தை டிஸ்பென்சர் ஐயா வாசித்துக் காட்டினார். உன் எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பன்னிரண்டு பேர் வேண்டும், டிசம்பரில் வந்து அவர்களுக்குப் பரீட்சை வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொந்தக்காரர் கூடாது என்றும் எழுதியிருந்தாய். பல்கலைக்கழகம் உன் பயணத்துக்குச் செலவு செய்வது இந்தப் பரீட்சைக்காகத்தான், ஆட்கள் கிடைக்காவிட்டால் வர முடியாது என்ற இடத்தை ஐயா இரண்டு தரம் வாசித்தார். பன்னிரண்டு என்ன, நம் தோட்டத்து லய வீடுகளில் இருபத்தைந்து பேர் தேறும். டிசம்பருக்கு நீ வருவது வருவதுதான்.

எதற்காக இந்தப் பரீட்சை என்று ஐயாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உன் அம்மா பேச்சியம்மா விறகுக் கட்டோடு விழுந்து தலையில் அடிபட்டு, தலைவலி விடாமல் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு கடதாசியைக் கொடுத்து மணிக்கூடு வரையச் சொன்னார்கள். அவள் அதுவரை பென்சிலைத் தொட்டதில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது போல அதைப் பிடித்தாள். திகதி கேட்டார்கள், தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்கள், தெரியவில்லை. இது வயதானால் வரும் மறதி, மருந்து கிடையாது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் காலையில்கூட, எந்தக் கிழமை எந்த மலையில் கொழுந்து எடுத்தோம் என்று எனக்கு அவள் வரிசையாகச் சொல்லியிருந்தாள். தலைக்குள் இரத்தம் கட்டியிருப்பதை வேறொரு டொக்டர் கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டது.

எழுதத் தெரியாதவர்களின் மூளையும் நல்ல மூளைதான் என்று அந்த டொக்டர்மாருக்குக் காட்டுவதற்காகத்தான் நீ இவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாய் என்று நான் விளங்கி வைத்திருக்கிறேன்.

டவுனில் கெடுபிடி குறையவில்லை. ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு, அடையாள அட்டை இல்லாமல் யாரும் லயத்தை விட்டு இறங்குவதில்லை. நீ பயப்பட ஒன்றும் இல்லை. என்னைப் போன்ற கிழவர்களை ஆமிக்காரர்கள் பிடிப்பதில்லை.

அம்மன் உனக்கு நல்ல படிப்பையும் நல்ல உடம்பையும் தரட்டும்.

உன் அப்பா,
காளிமுத்து


மேல் லயம்,
அம்பிட்டிய, கண்டி.
30.08.1998

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீ சுகம் என்று கடைக்குப் போன் எடுத்துச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் வந்து சேர்வதற்குள் நீ வைத்துவிட்டாய். பரவாயில்லை, இப்போது எனக்குக் கடிதம் இருக்கிறது.

பன்னிரண்டு பேரும் ஆயத்தம். ஏழு பெண்கள், ஐந்து ஆண்கள். ஒருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஒருவரும் நமக்குச் சொந்தம் இல்லை.

பரீட்சை என்று சொன்னதும் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. தேயிலை ஸ்டோரில் என்னோடு கொழுந்து அரைத்த பொன்னையாவை உனக்குத் தெரியும். "பெயிலாகிட்டா பேர வெட்டிருவாங்களா காளி?" என்று கேட்டான். நீ பென்ஷன் வாங்கி எட்டு வருடமாகிறது, வெட்டுவதற்குத் தோட்டப் பதிவில் பேர் எங்கே இருக்கிறது என்றேன். "அப்பப் பரவால்ல. ஆனா என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒம் மக பாத்துட்டு வந்து சொன்னா எனக்கும் சொல்லு" என்றான். அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் அங்கம்மாதான் சரியான கேள்வி கேட்டாள். "வெள்ளக்காரங்கல்லாம் பாப்பாங்களாண்ணே? நம்மளால நம்ம பிள்ளைக்கு அசிங்கம் வந்துறக் கூடாதே" என்றாள்.

எனக்கும் அதே கவலைதான் இருந்தது. பேச்சியம்மா பென்சிலைப் பார்த்து முழித்தது போல இவர்களும் முழித்தால், அந்த டொக்டர்மார் திரும்பவும் மறதி என்றுதான் எழுதுவார்கள். நீ இவ்வளவு தூரம் போய்ப் படித்தது வீணாகும். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யாமல் யார் போவார்கள்? நீ ஏ.எல். எழுதியபோது விளக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தாயே. அதனால் பன்னிரண்டு பேரையும் ஜூலை பன்னிரண்டாம் திகதி செசிலியா டீச்சரிடம் கூட்டிப் போய் விட்டேன். இப்போது ஏழு வாரம் முடிந்துவிட்டது.

டீச்சர் முதலில் தயங்கினார். "இது மகளுக்குத் தெரியுமோ ஐயா? அவ பள்ளிக்கூடம் போகாத ஆக்களையெல்லோ கேட்டவ" என்றார். நான் சொன்னேன், இது பள்ளிக்கூடம் இல்லையே, மாதா கோயில் அறைதானே, கொஞ்சம் எழுத்து ஏறிய பிறகு மகளுக்கு எழுதுகிறேன், ஆச்சரியப்படட்டும் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு புதுக் கொப்பியில் பன்னிரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். யாருக்கு எந்த எழுத்து எந்தத் திகதியில் பிடிபட்டது என்று அதில் ஒவ்வொரு கிழமையும் குறிக்கிறார். பழைய டீச்சர், அவரால் குறிக்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது ஞாயிறு, பன்னிரண்டு பேரும் நானும் வரிசையாக மலையிலிருந்து இறங்கியபோது, சந்தியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். இத்தனை பேர் எங்கே கூட்டமாகப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான் ஒரு சிப்பாய். பொன்னையா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இஸ்கோலே யனவா மாத்தயா" என்றான். எழுபது வயதுக்காரன் பள்ளிக்கூடம் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? கொப்பிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் 'அ' மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. சிரித்துவிட்டுப் போக விட்டார்கள்.

எல்லோரிலும் கெட்டிக்காரி அங்கம்மா. அவளுடைய மகன் ஜெயபால் உனக்கு நினைவிருக்கும், டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றவன். பிப்ரவரியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் தடுப்பு முகாமில்தான் இருக்கிறான். அவனைத் தேடிப் போனபோது ஒரு கடதாசியை நீட்டினார்கள், அவள் பெருவிரலை வைத்தாள். உன் மகன் இங்கே இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி என்று சொன்னார்களாம். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் அவள் வீட்டில் தங்கினார்கள் என்று அதில் எழுதியிருந்ததாகவும், வழக்கே அதை வைத்துத்தான் என்றும் பிறகு வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து அவள் அந்த விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். என் தம்பியும் அப்படித்தான். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கடதாசி என்று தெரியாமல் விரல் வைத்து, கப்பல் ஏறிப் போனான். அங்கம்மா ஏழு வாரத்தில் தன் பெயரையும் மகன் பெயரையும் எழுதுகிறாள். மற்றவர்கள் அரிசி ஆயும் நேரத்தில் அவள் கரித்துண்டால் தரையில் எழுதிப் பார்க்கிறாள்.

டிசம்பரில் ஒருவரும் பெயிலாக மாட்டார்கள். நீ தைரியமாக வா. அம்மாவின் பெயர் கெடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
காளிமுத்து


மேல் லயம்,
அம்பிட்டிய, கண்டி.
11.10.1998

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். இருமல் கொஞ்சம் இருந்தது, கொத்தமல்லி குடித்தேன், போய்விட்டது.

உன் கடிதம் கிடைத்தது. எனக்காக எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, பெரிதாக, அச்சுப் போல எழுதியிருந்தாய். அதற்காக நீ எவ்வளவு நேரம் செலவழித்திருப்பாய் என்று இப்போது எனக்குத் தெரியும். மூன்று பின்னேரம் உட்கார்ந்து வாசித்தேன். டிஸ்பென்சர் ஐயாவிடம் கொண்டுபோகவில்லை.

அவர் வாசிக்கும்போது சில இடங்களில் நிறுத்தி, தொண்டையைக் கனைத்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். போன மாரிக் குளிரில் நீ காய்ச்சலோடு பத்து நாள் தனியாகக் கிடந்ததை அவர் எனக்கு வாசிக்கவேயில்லை. பழைய கடிதங்களை எடுத்து நானே வாசித்தபோதுதான் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் நீ என்மேல் கோபப்பட்டது முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. "அப்பா, என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள்" என்ற வரியை வாசித்து முடித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது.

நீ எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன், பிழை என்றால் திருத்து. எழுத்துத் தெரியாத மூளை ஒரு விதமாக வேலை செய்கிறது. எழுத்து ஏறிய பிறகு அதே மூளை வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஒரு தரம் மாறினால் பழைய மூளையைப் பார்க்க முடியாது. எழுதத் தெரியாத, நல்ல சுகமுள்ள ஒருவர் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. அது எழுதப்பட்டிருந்தால்தான், அடிபட்ட ஒருவரை அதோடு ஒப்பிட்டு, இது எழுத்தறியாமையா, வியாதியா என்று டொக்டர் பிரித்துச் சொல்ல முடியும். அதனால் நல்ல மார்க் எடுப்பது முக்கியமில்லை. அவர்கள் இருந்தபடி இருப்பதுதான் முக்கியம். நான் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டேன்.

கொஞ்ச வாரம் மட்டும் படித்தவர்களை உன் பேராசிரியர் எப்படியும் ஏற்றுக்கொள்வார், ஆனால் உடனே நிறுத்த வேண்டும், டிசம்பர் வரை எழுத்தைப் பார்க்கவே கூடாது, பரீட்சை முடிந்ததும் வகுப்பைத் தொடங்கலாம், எல்லோருக்கும் நீ கொப்பி கொண்டு வருகிறாய் என்று எழுதியிருந்தாய். அது நியாயம். இரண்டு மாதம்தானே.

போன ஞாயிறு எல்லோரிடமும் சொன்னேன். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நம் பிள்ளைக்காக என்றதும் கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். பொன்னையா மட்டும், "படிச்சத அழிக்க எதும் ரப்பர் இருக்கா டீச்சர்? ஒரே கொழப்பமா இருக்கு, இப்ப பஸ் போர்டப் பாத்தா கண்ண மூடிக்கணுமா?" என்று கேட்டான். டீச்சர் சிரிக்கவில்லை. "ஓம் ஐயா, இரண்டு மாசம் மூடிக்கொண்டு திரியுங்கோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாற்பது வருசம் படிப்பிச்சனான். படிக்காதேங்கோ எண்டு இண்டைக்குத்தான் முதல் முதல் சொல்லுறன்" என்றார்.

அங்கம்மா கடைசியாக வந்தாள். பென்சிலைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தாள். டிசம்பர் எத்தனையாம் திகதி என்று கேட்டாள். பதினான்கு என்றேன். விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "எழுபத்தி ஒரு நாளு" என்றாள். பென்சிலைக் கொப்பியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். சொன்னதற்கு மேலாக, வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைக் கடதாசியையும் கிழித்துவிட்டாள் என்று பொன்னையாவின் பெண்சாதி சொன்னாள்.

ஆகவே உன் பன்னிரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். நான் உன் அறையைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் படிப்பதற்குத் தடை இல்லை என்றாலும், அவர்கள் லயத்தில் இருக்க நான் மட்டும் கொப்பியோடு இறங்கிப் போவதற்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
காளிமுத்து


மேல் லயம்,
அம்பிட்டிய, கண்டி.
08.11.1998

அன்பு மகள் இராஜகுமாரிக்கு அப்பா எழுதுவது. உடம்பு சுகம். இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கு முந்திய வெள்ளி காலையில் அங்கம்மா என் வாசலில் வந்து நின்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கடிதத்தை நீட்டினாள். ஜெயபாலிடமிருந்து வந்த கடிதம். முகாமில் உடைத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். என்றைக்கு வந்தது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றாள். மூன்று நாள் ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறாள். டிஸ்பென்சர் ஐயா லீவில் ஊருக்குப் போய்விட்டார். அவர் வருவார் வருவார் என்று பார்த்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறாள்.

"நான் பாக்கலண்ணே. பாத்தா வாசிச்சுருவேன். தங்கச்சிக்குக் குடுத்த வாக்கு கெட்டுப் போயிரும். நீங்க வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். தங்கச்சி என்றது உன்னை.

இதை நான் உள்ளபடி எழுதுகிறேன் மகளே, இது உன் படிப்புக்கும் உதவக்கூடும். எட்டு மாதமாக முகம் பார்க்காத மகன் எழுதிய கடிதம். அதை வாசிக்கும் அளவுக்கு அவளுக்கு எழுத்துத் தெரியும். வாசிக்காமல் இருப்பதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி, அதைக் கண்ணில் காட்டாமல் இருப்பதுதான். பாத்திரம் கழுவும்போது, கொழுந்து எடுக்கும்போது, தூங்கும்போது, மூன்று நாள் அப்படி இருந்திருக்கிறாள்.

நான் கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் அவள் கையிலேயே திரும்ப வைத்தேன். நீயே வாசி என்றேன். பரீட்சை என்னாகிறது என்று கேட்டாள். அதை நான் மகளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நீ கதிரையில் உட்காரு, நான் தேத்தண்ணி போடுகிறேன் என்றேன்.

அவள் வாய்விட்டுத்தான் வாசிப்பாள், எனக்கும் அப்படித்தான் வரும். எட்டு வரிக் கடிதம். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வணக்கம், நான் சுகம், வழக்கு தை மாதம் வருகிறது, கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பவும், இவ்வளவும் அம்மாவுக்கு எழுதியிருந்தான். அதற்குக் கீழே, இதை வாசித்துக் காட்டும் ஐயா அவர்களுக்கு என்று தனியாகத் தொடங்கி, எனக்கு இடது காது இப்போது கேட்பதில்லை, இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம், சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான்.

அந்த வரிகளையும் அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். 'இடது' வந்தது. 'காது' வந்தது. அடுத்த சொல் வருவதற்கு வெகு நேரம் எடுத்தது. அது வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கடைசிச் சொல் வரை வாசித்து முடித்தாள். நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவள் அழவில்லை. "இதுக்கு முன்ன ரெண்டு கடுதாசி வந்துச்சு. அதுல என்னென்ன எழுதியிருந்தானோ" என்றாள். பிறகு, "இனிமே எனக்குன்னே எழுதச் சொல்லணும்ணே. அதுக்கு நான் அவனுக்கு எழுதணும். எனக்கு இன்னும் பாதி எழுத்து தெரியாதே" என்றாள்.

நவம்பர் முதலாம் திகதி ஞாயிறு வகுப்பைத் திரும்பத் தொடங்கிவிட்டோம். அங்கம்மா மட்டும் படிக்கட்டும், மற்றவர்கள் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். உனக்குப் பதினொரு பேராவது மிஞ்சுவார்களே என்று. ஆனால் அவள் கொப்பியோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வாசலுக்கு வாசல் வந்து நின்றார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் வாருங்கள் என்றேன். இது என் தீர்மானம். டீச்சர்மேலோ அங்கம்மாமேலோ நீ கோபப்படக் கூடாது.

வேறு பன்னிரண்டு பேரைத் தேடலாமா என்றும் யோசித்தேன். கீழ்ப் பிரிவில் ஆட்கள் இருக்கிறார்கள். போய்க் கதவைத் தட்டி, எழுதத் தெரியாமல் இருக்கிறீர்களா, டிசம்பர் வரை அப்படியே இருங்கள் என்று சொல்ல வேண்டும். சந்தி வரை போனேன். அதற்கு மேல் போக முடியவில்லை. ஆமிக்காரர்கள் யாரும் மறிக்கவில்லை.

டீச்சரின் கொப்பி ஒன்று இருக்கிறது. முதல் நாளிலிருந்து யாருக்கு எத்தனை எழுத்து, எந்தத் திகதியில், நிறுத்தியிருந்த நான்கு வாரத்தில் யார் எதை மறந்தார்கள் என்று எல்லாம் குறித்திருக்கிறார். "எழுத்து ஏறுற நேரத்தில மூளை என்ன செய்யுது எண்டு பாக்கிறதும் ஒரு ஆராய்ச்சிதானே. மகளின்ர பேராசிரியரிட்டக் கேக்கச் சொல்லி எழுதுங்கோ" என்றார். அது உதவுமா, உதவாதா என்று எனக்குத் தெரியாது. கொப்பியைத் தபாலில் விட டீச்சருக்கு மனம் இல்லை. அதனால் நான் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொரு பக்கம். நான்கு பக்கம் முடிந்தது. முடிந்ததும் பதிவுத் தபாலில் வரும்.

நீ உன் அம்மாவுக்காகத்தான் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவளைப் போலப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று கேட்டாய். பன்னிரண்டு பேர் என்னிடம் இருந்தார்கள். அவர்களை அவளைப் போலவே வைத்திருக்க என்னால் முடியவில்லை. அவள் இருந்திருந்தால் அவளையும் அந்த வாங்கில்தான் உட்கார வைத்திருப்பேன்.

இதனால் டிசம்பர் பயணம் நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இரண்டு நாளில் எழுதி முடித்தேன். எழுத்து மோசமாக இருந்தால் அதுதான் காரணம். வேறு வழியில் படிப்பை முடித்துக்கொள். நீ முடிப்பாய். உன் அம்மாவின் மூளைதான் உனக்கு.

அம்மன் அருளால் நீ எடுத்த காரியம் நிறைவேறட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். யுத்தம் இருக்கும், இல்லாமலும் போகும், நீ வர முடிகிறபோது வா. ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் வகுப்பு இருக்கிறது. மற்ற எந்த நாளில் வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அப்பா,
காளிமுத்து